அந்தத் தாளை நான் வாங்கிப் பார்க்கவில்லை: தீவிரவாதத்துக்கு எதிராகப் பேசும் முஸ்லிம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசிய பெண்ணுக்கு 25 வயதுக்குள்தான் இருக்கும். மதத்தின் பெயரால் நடக்கும் கொலைகளைக் கண்டித்து அருமையாகப் பேசினார். குரல் நடுங்கவில்லை, குறிப்பையும் பார்க்கவில்லை. கேள்வி நேரம் வந்தபோது நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "கொன்றவன் குர்ஆன் வசனத்தைச் சொல்லித்தானே கொன்றான்?" என்று கேட்டார். "அவன் முஸ்லிமே அல்ல" என்றார் அந்தப் பெண். அரங்கம் கைதட்டியது. கேட்டவர் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

நான் கைதட்டவில்லை. அதே பதிலை அதே உறுதியோடு எத்தனையோ மேடைகளில் சொன்னவன் நான். அதற்குக் கைதட்டல் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதும் தெரியும், பிறகு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். நம்மவர்களிடையே தீவிரவாதத்தை எதிர்த்துப் பேசுவது ஒரு பக்கம். முஸ்லிம் என்றாலே சந்தேகத்தோடு பார்ப்பவர்களிடம் உண்மை நிலையை எடுத்துச் சொல்வது இன்னொரு பக்கம். புதிதாக வரும் இளைஞர்கள் நான் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கோபப்படாதீர்கள், நேரத்துக்கு வாருங்கள், எதிராளியைத் திட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது

எங்கோ குண்டு வெடிக்கிறது. செய்தி வந்த சில நிமிடங்களில் நம் பிள்ளைகள் "ஒரு முஸ்லிமாக மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய வலி புரிகிறது. நானும் எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் குற்றம் செய்தவர், அல்லது அதற்குத் துணை போனவர். நீங்கள் இரண்டுமே இல்லை. நீங்களாக முன்வந்து மன்னிப்புக் கேட்கும்போது, ஒருவனுடைய குற்றத்தில் அவன் மதத்தைச் சேர்ந்த எல்லோருக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எந்த முன்முடிவை எதிர்த்துப் பேச மேடை ஏறினீர்களோ, அதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஆகிவிடுகிறது.

1995-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 168 பேர் கொல்லப்பட்டார்கள். 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டிலும் முதல் சில மணி நேரம் சந்தேகம் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. செய்தவர்கள் அந்தந்த நாட்டின் வெள்ளையர்கள் என்று தெரிந்த பிறகு, அவர்களைப் போன்ற தோற்றமுள்ளவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவும் கூடாது. அதே நியாயம் நமக்கும் உண்டு.

2014-இல் லண்டனில் முஸ்லிம் இளைஞர்கள் ஐ.எஸ். அமைப்பை எதிர்த்து 'என் பெயரால் அல்ல' என்ற முழக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் எண்ணத்தை மதிக்கிறேன். "எங்கள் பெயரால் என்று யார் சொன்னது, அதை நாங்கள் ஏன் மறுக்க வேண்டும்?" என்று வேறு முஸ்லிம்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் மதிக்கிறேன்.

துக்கத்தைச் சொல்லுங்கள். இறந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள். கொலையைக் கொலை என்று சொல்லுங்கள். 'கண்டிக்கிறேன்' என்ற சொல் போதும், அதையும் கேள்வி கேட்டவரைத் திருப்திப்படுத்துவதற்காகச் சொல்லாமல் மனதிலிருந்து சொன்னால்.

அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் நம் கணக்கைச் சொல்வது

தீவிரவாதத்தால் அதிகம் செத்தவர்கள் முஸ்லிம்கள்தான் என்பது உண்மை. 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளிக்கூடத்தில் 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். 2017 நவம்பரில் எகிப்தின் சினாய் பகுதியில், ரவ்தா பள்ளிவாசலில் ஜும்மா தொழுகையின்போது 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இவை சொல்லப்பட வேண்டியவை. ஆனால் இன்னொரு வீட்டில் ஜனாஸா (இறந்தவர் உடல்) கிடக்கும்போது, "எங்களுக்கு இதைவிட அதிகம்" என்று தொடங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

'அவர்கள் முஸ்லிம்களே அல்ல'

எனக்கு இன்றும் ஆறாத தவறு இது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் பேசி முடித்துக் கீழே இறங்கினேன். மேடைப் படிக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் காத்திருந்தான். 18 வயது இருக்கலாம். கையில் நான்காக மடித்த ஒரு தாள். நோட்டிலிருந்து கிழித்தது, ஒரு ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. பிரித்துக் காட்டினான். குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயம், ஐந்தாவது வசனம். தமிழில் எழுதி, 'கொல்லுங்கள்' என்ற சொல்லின் கீழ் பென்சிலால் இரண்டு முறை கோடு போட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தான்.

"அண்ணா, இதைக் காட்டித்தான் அவர்கள் எல்லாம் செய்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்?"

நான் தாளை வாங்கவில்லை. அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன். "தம்பி, அவர்கள் முஸ்லிம்களே அல்ல. இதையெல்லாம் படித்துக் குழம்பிக்கொள்ளாதே" என்றேன். வெளியே வண்டி காத்திருந்தது. அவன் அந்தத் தாளை அதே மடிப்புகளின் மேல் நிதானமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குப் பதில் தெரியாது, அதனால்தான் தட்டிக்கழித்தேன் என்று அன்று அவன் நினைத்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கைபேசியில் தேடத் தொடங்கினான். ஒரு பிரசங்கி கிடைத்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் வசன எண்ணோடு பதில் சொல்பவர். எதையும் தட்டிக்கழிக்காதவர். அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆயுதத்தைத் தொடவும் இல்லை. ஆனால் தர்காவுக்குப் போகிறார் என்பதற்காக, பெற்ற வாப்பாவைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று நம்பத் தொடங்கினான். அவருக்கு ஸலாம் சொல்வதை நிறுத்தினான். அவர் நோயில் விழுந்தபோது, "அவர் இறந்தால் நான் ஜனாஸா தொழலாமா?" என்று அந்தப் பிரசங்கிக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். கூடாது என்று பதில் வந்தது. அந்த இரவில்தான் விழித்துக்கொண்டதாகச் சொன்னான்.

பிறகு அவன் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "நீங்கள் அவர்களை முஸ்லிம் இல்லை என்றீர்கள். அவர் என் வாப்பாவை முஸ்லிம் இல்லை என்றார். இதை யார், எதை வைத்து முடிவு செய்வது என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை, அண்ணா."

ஒரு முஸ்லிமை இஸ்லாத்தை விட்டு வெளியேறியவன் என்று தீர்ப்புச் சொல்வதற்கு 'தக்ஃபீர்' என்று பெயர். தீவிரவாதிகளின் முதல் ஆயுதமே அதுதான். ஒருவரைக் காஃபிர் என்று அறிவித்துவிட்டால் அவருடைய உயிர் அவர்கள் கணக்கில் மலிவாகிவிடுகிறது. ரவ்தா பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொல்லக் கை கூசவில்லை என்றால் அதனால்தான். இந்த வழக்கம் நேற்று முளைத்ததும் அல்ல. ஏழாம் நூற்றாண்டில், முஸ்லிம்களின் ஆட்சித்தலைவரான கலீஃபா அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்து பிரிந்துபோன காரிஜிய்யாக்கள் அவரையே காஃபிர் என்றார்கள். 661-இல், கூஃபா நகரப் பள்ளிவாசலில் அவர்களில் ஒருவன் அவரை நஞ்சு தோய்த்த வாளால் வெட்டினான். வெட்டியவன் தொழாதவன் அல்ல, நோன்பு நோற்காதவனும் அல்ல.

அந்தக் காரிஜிய்யாக்களைப் பற்றி அலீயிடமே கேட்டார்களாம்: "அவர்கள் காஃபிர்களா?" "காஃபிர்த்தனத்திலிருந்து ஓடி வந்தவர்கள் அவர்கள்" என்றாராம். "அப்படியானால் யார்?" "நமக்கு எதிராக வரம்பு மீறிய நம் சகோதரர்கள்" என்று பதில் சொன்னதாகப் பழைய நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. அவர்களோடு போரிட்டவர் அவர். அவர்கள் செய்ததை ஒருபோதும் ஏற்காதவர். ஆனாலும் அவர்கள் கையிலிருந்த ஆயுதத்தை அவர் எடுக்கவில்லை.

நம் காலத்து ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) இந்த இடத்தில் கவனமாகவே இருந்தார்கள். 2004-இல் வெளியான அம்மான் பிரகடனத்தைத் தொடர்ந்து, 2005 ஜூலையில் 50 நாடுகளிலிருந்து 200 அறிஞர்கள் ஜோர்டானில் கூடி மூன்று முடிவுகள் எடுத்தார்கள். அதில் ஒன்று, ஒரு முஸ்லிமை இன்னொரு முஸ்லிம் காஃபிர் என்று தீர்ப்பிடக் கூடாது என்பது. 2014 டிசம்பரில், ஐ.எஸ். அமைப்பினரைக் காஃபிர்கள் என்று அறிவிக்கும்படி எகிப்தின் அல்-அஸ்ஹர் இஸ்லாமியக் கல்வி நிறுவனத்தைப் பலரும் நெருக்கினார்கள். அது மறுத்தது. அப்போது எனக்கும் கோபம் வந்தது. கோழைத்தனம் என்றே நினைத்தேன். அந்த மாணவன் பேசிய பிறகுதான், தக்ஃபீரைத் தக்ஃபீரால் அடக்க முடியாது என்ற பழைய எச்சரிக்கை அந்த மறுப்பில் இருப்பது புரிந்தது.

அப்படியானால் என்ன சொல்வது? நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) செய்ததைப் பாருங்கள். காரிஜிய்யாக்கள் ஆயிரக்கணக்கில் பிரிந்துபோய் ஹரூராவில் முகாமிட்டிருந்தபோது, அவர்களிடம் போய்ப் பேச அலீயிடம் அனுமதி கேட்டார். கொன்றுவிடுவார்கள் என்று அலீ அஞ்சினார். இப்னு அப்பாஸ் நல்ல யமன் ஆடை ஒன்றை உடுத்திக்கொண்டு, நடுப்பகலில், தனியாகப் போனார். அங்கே கண்டதை அவரே விவரித்திருக்கிறார்: சஜ்தாவில் காயம்பட்ட நெற்றிகள், ஒட்டகத்தின் முழங்கால் போல் காய்த்துப்போன கைகள், துவைத்துத் துவைத்துப் பழசான சட்டைகள். 'நீங்கள் முஸ்லிம்களே அல்ல' என்று அவர் தொடங்கவில்லை. "அலீயின் மீது உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

மூன்று குறைகள் சொன்னார்கள். போரை முடிக்க நடுவர்களை ஏற்று, அல்லாஹ்வுக்கு உரிய தீர்ப்பை மனிதர்களிடம் விட்டார். போரில் வென்றும் சிறைபிடிக்கவில்லை. உடன்படிக்கையில் 'நம்பிக்கையாளர்களின் தலைவர்' என்ற பட்டத்தை அழித்துவிட்டார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார் இப்னு அப்பாஸ். இல்லை என்ற பிறகுதான் பதிலைத் தொடங்கினார். கணவன் மனைவி பிணக்கில் இரு தரப்பிலிருந்தும் நடுவர்களை நியமியுங்கள் என்று குர்ஆனே சொல்கிறதே என்றார். நீங்கள் சொல்லும் ஜமல் போரில் எதிர்த்தரப்பில் இருந்தவர் நபியின் மனைவி, உங்கள் அன்னை ஆயிஷா. அவரையா சிறைபிடிக்கச் சொல்கிறீர்கள் என்றார். ஹுதைபிய்யா உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை நபி (ஸல்) அவர்களே அழிக்கச் சொன்னார்களே, அதனால் அவர்கள் தூதர் இல்லை என்று ஆகிவிட்டதா என்று கேட்டார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் "இதற்குப் பதில் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டு, ஆம் என்ற பிறகே அடுத்ததற்குப் போனார். ஓர் அறிவிப்பின்படி 2,000 பேர் அன்றே திரும்பினார்கள். மீதிப்பேர் திரும்பவில்லை, அவர்களோடு நஹ்ரவானில் போர் நடந்தது. பேசினால் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2,000 உயிர்கள் திரும்பின என்று சொல்கிறேன்.

2014 செப்டம்பரில் உலகெங்கும் உள்ள 126 அறிஞர்கள் ஐ.எஸ். தலைவன் பக்தாதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதமும் இதே முறையில் எழுதப்பட்டதுதான். 24 அம்சங்கள். தூதர்களைக் கொல்வது, அடிமை முறையை மீட்பது, யஸீதிகள் என்ற சிறுபான்மையினரைத் துன்புறுத்துவது, சித்திரவதை என்று ஒவ்வொன்றையும் எடுத்து, இது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, காரணம் இது என்று அவர்கள் மதிக்கும் நூல்களிலிருந்தே காட்டினார்கள். மேடை ஏறும் முன் அதை ஒரு முறையாவது முழுமையாகப் படியுங்கள்.

அன்று அந்தத் தாளை வாங்கியிருந்தால் பத்து நிமிடம் போதும். நான்காவது வசனத்தையும் ஆறாவது வசனத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லியிருப்பேன். உடன்படிக்கையை முறிக்காதவர்களுக்கு அதை முழுமையாக நிறைவேற்றுங்கள் என்கிறது நான்காவது. இணைவைப்பவர்களில் ஒருவர் உங்களிடம் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது ஆறாவது. கண்ட இடத்தில் யாரையும் கொல் என்பதுதான் ஐந்தாவதன் பொருள் என்றால், அடுத்த வசனத்தில் அடைக்கலம் எங்கிருந்து வந்தது? 13-ஆவது வசனம், அவர்கள்தான் சத்தியத்தை முறித்து முதலில் போரைத் தொடங்கினார்கள் என்கிறது. ஒரு குறிப்பிட்ட போரில், குறிப்பிட்ட தரப்பைப் பற்றிய பேச்சு இது. அந்தப் பையனுக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

வெளியே இருந்து கேட்பவர்களிடமும் இந்தப் பதில் எடுபடாது. கொலைகாரன் வசனம் ஓதுவதை அவர்கள் காணொளியில் பார்த்துவிட்டார்கள். சம்பந்தமே இல்லை என்று நீங்கள் சொன்னால், ஒன்று நீங்கள் மறைக்கிறீர்கள், அல்லது உங்களுக்குத் தெரியாது என்றே எடுத்துக்கொள்வார்கள். இப்போது நான் சொல்வது இது: "தன்னை முஸ்லிம் என்றுதான் அவன் சொல்கிறான். எங்கள் நூலைத்தான் எடுத்திருக்கிறான். அவன் எடுத்தது தவறு. எங்கே தவறு என்று காட்டுகிறேன், கேளுங்கள்." இதற்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேராவது அருகில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள்.

அரை வசனம்

'ஓர் உயிரைக் கொன்றவர் மனிதகுலம் முழுவதையும் கொன்றவர் போலாவார்.' ஐந்தாவது அத்தியாயம், 32-ஆவது வசனம். எல்லா மேடையிலும் இதைக் கேட்கலாம். அந்த வசனம் இஸ்ரவேலர்களுக்கு விதித்ததாகத் தொடங்குகிறது, கொலைக்கும் பூமியில் குழப்பம் விளைவிப்பதற்கும் விலக்குச் சொல்கிறது, அடுத்த வசனம் தண்டனைகளைப் பேசுகிறது. இவற்றை மறைத்துப் பாதியை மட்டும் சொன்னால், மீதியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து நிற்பார். ஒன்பதாவது அத்தியாயத்தைத் துண்டாடுகிறார்கள் என்று தீவிரவாதியைக் குறை சொல்லும் நாம் ஐந்தாவது அத்தியாயத்தைத் துண்டாடலாமா? முழுவதையும் படித்துக் காட்டுங்கள். முழுதாகப் படித்தாலும் அந்த வசனம் உயிரின் பக்கம்தான் நிற்கிறது.

'இஸ்லாம் என்றாலே அமைதி'

அந்தச் சொல்லின் பொருள் இறைவனுக்குத் தன்னை ஒப்படைத்தல். அமைதியைக் குறிக்கும் ஸலாம் அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்.

'இது யாரோ செய்த சதி'

ஆதாரம் கையில் இல்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள்.

"அவர்கள் மட்டும் யோக்கியமா?"

கேள்வி நம்மைப் பற்றி வரும்போது பதிலை அடுத்தவர் மீது திருப்புவது. உலகில் மற்றவர்களும் மதத்தின் பெயரால் கொல்கிறார்கள், அரசுகளும் கொல்கின்றன, எல்லாம் உண்மை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயங்கியதில்லை. அதைப் பற்றிப் பேச அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். வேறொரு கேள்விக்குக் கேடயமாக அதைத் தூக்காதீர்கள். இறந்த அந்த 51 பேருக்கும் அது அவமரியாதை. உங்களுக்கோ, உங்கள் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்லுங்கள் என்கிறது குர்ஆன் (4:135). இதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டைப் பற்றிய கேள்விக்கு நம் வீட்டைப் பற்றியே பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

வெளியே ஒரு பேச்சு, உள்ளே மௌனம்

பல சமயத்தவர் கூடும் மேடையில் நன்றாகப் பேசுவோம். நம்மவர்கள் மட்டும் இருக்கும் அறையில் ஒருவர் வெறுப்பைப் பேசினால் தலைகுனிந்து தேநீரைக் குடிப்போம். நானும் இருந்திருக்கிறேன். அவர் பெரியவர், எதிர்த்துப் பேசினால் மனம் வருந்துவார், நாளை கூட்டத்துக்கு அழைக்கமாட்டார் என்று எத்தனையோ காரணங்கள்.

தீவிரவாதம் என்றால் குண்டு மட்டும் என்று நினைப்பதால் வரும் மௌனம் இது. 2011 ஜனவரி 4 அன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தஸீர் சுட்டுக் கொல்லப்பட்டார். மதநிந்தனைச் சட்டத்தை விமர்சித்ததும், அந்தச் சட்டத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்காகப் பேசியதும்தான் அவர் செய்த குற்றம். சுட்டவன் அவருடைய மெய்க்காவலன். அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது, சட்டம் படித்த வழக்கறிஞர்கள் சிலர் அவன் மீது ரோஜா இதழ்களைத் தூவினார்கள். அந்த இதழ்களைத் தூவியவர்கள் ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் அல்ல. மௌனமான அறைகளில் வளர்ந்தவர்கள். இரண்டே மாதத்தில், அதே சட்டத்தை எதிர்த்த கிறிஸ்தவ அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார்.

உள்ளே பேசும்போது எல்லோர் முன்னிலும் ஒருவரை அவமானப்படுத்த வேண்டியதில்லை. "இதற்கு எனக்கு உடன்பாடில்லை" என்று அங்கேயே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். விளக்கத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அந்த ஒரு வாக்கியம் அறையில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்காக. "அநியாயம் செய்பவனாக இருந்தாலும், அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு" என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவன் கையைத் தடுப்பதே உதவி என்று விளக்கினார்கள்.

தாடியையும் ஹிஜாபையும் விட்டுக்கொடுப்பது

"நான் அந்த மாதிரி முஸ்லிம் இல்லை, பாருங்கள், தாடிகூட வைக்கவில்லை." இதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. உங்களுக்கு நல்ல பெயர் வாங்குவதற்காக, தாடி வைத்த ஆயிரம் ஆயிரம் சாதுவான மனிதர்களைச் சந்தேகக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். பஸ்ஸில் ஹிஜாபோடு போகும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவருக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள். 'நல்ல முஸ்லிம்' என்று உங்களைத் தனியே பிரித்துப் பாராட்டினால் அந்தப் பாராட்டை ஏற்காதீர்கள்.

எல்லா முஸ்லிம்களுக்கும் சேர்த்துப் பேசுவது

உலகில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 200 கோடி. அதிகம் பேர் வாழும் நாடு இந்தோனேசியா. அரபுகள் ஐந்தில் ஒரு பங்குதான். உங்கள் பெயரில் பேசுங்கள்.

புகார் கொடுத்ததோடு நிற்பது

இலங்கையின் காத்தான்குடியில் நடந்ததை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 மார்ச்சில், பின்னாளில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளை முன்னின்று நடத்திய சஹ்ரானின் ஆட்களுக்கும் அங்கே இருந்த சூஃபி முஸ்லிம்களுக்கும் மோதல் நடந்தது. அவனுடைய போக்கைப் பற்றி முஸ்லிம்களே புகார் கொடுத்தார்கள், தெருவில் இறங்கியும் போராடினார்கள். அவன் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. "நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்ற கேள்வியை, சொன்னவர்களே எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மக்கள் மீது நான் எந்தக் குறையும் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது: எழுத்தில் கொடுங்கள், நகல் வையுங்கள், பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு இடத்துக்குப் போங்கள். உயிர் போகும் காரியம் இது. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்க முடியாது.

அறிக்கைகளை அடுக்குவது

'முஸ்லிம்கள் ஏன் பேசுவதில்லை?' என்று யாராவது கேட்டால் உடனே பட்டியலை எடுத்துவிடுகிறோம். 2004 அம்மான், 2014 கடிதம், சிறுபான்மையினர் உரிமைக்காக 2016-இல் வந்த மராக்கேஷ் பிரகடனம். கேட்டவருக்கு மூன்றாவது பெயரிலேயே கவனம் போய்விடும்.

இப்போது ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 21, கென்யாவின் மண்டேரா பகுதி. சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாத அமைப்பின் ஆட்கள் பஸ்ஸை நிறுத்தி, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தனித்தனியாகப் பிரிந்து நில்லுங்கள் என்றார்கள். முஸ்லிம் பயணிகள் பிரிய மறுத்தார்கள். பெண்கள் தங்கள் தலைத்துணியைக் கொடுத்துக் கிறிஸ்தவப் பெண்களை மறைத்தார்கள். கொன்றால் எல்லோரையும் கொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றார்கள். சலா ஃபாரா என்ற முஸ்லிம் ஆசிரியர் சுடப்பட்டு அடுத்த மாதம் மருத்துவமனையில் இறந்தார். இதைச் சொல்லி முடித்த பிறகு எந்த அரங்கிலும் அந்தக் கேள்வியை மறுபடி யாரும் கேட்டதில்லை.

தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது

மேடையில் திணறினால் இஸ்லாத்துக்கே கெட்ட பெயர் என்று பயந்து, வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். "எனக்குத் தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, கேட்டவருடைய எண்ணை வாங்கி, ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் நீங்களே அழைக்க வேண்டும். தெரியாத இடத்தில் ஓர் ஆலிமிடம் போய் உட்காருங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் இன்னொருவர்.

அந்த மாணவன் அழைத்த வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கேள்வி, கேட்டவர், தேதி, பதில் என்று நான்கு பத்திகள். முதல் பக்கத்தில் அவன் தாளில் இருந்தவற்றை எழுதிவைத்திருக்கிறேன். அன்று நான் பார்க்காமல் விட்ட கேள்விகள் மூன்று. இன்றைக்குப் பதில் பத்தி காலியாக ஏழு கேள்விகள் நிற்கின்றன. ஏழாவது, சென்ற மாதக் கூட்டத்தில் நடுவரிசையிலிருந்து எழுந்தாரே, அவருடையது. கூட்டம் முடிந்து வாசலில் அவரைப் பிடித்து எண்ணை வாங்கினேன். பேசிய பெண்ணையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை மூன்று பேரும் உட்காருகிறோம்.